லெஸ்லி சால்ட் வந்ததும் சொல்லவும்

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் அவன் நம்பிக்கொண்டிருந்தான். சினிமாவில் பார்த்த கோபுரங்கள் அப்படி. இருட்டறை, பச்சைத் திரை, அதில் ஊரும் புள்ளிகள், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் உத்தரவு போடும் மனிதர்கள். சான் ஹோசே நகரத்தின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்த புதிதில், அவனுடைய பயிற்றுநர் அவனை அங்கிருந்த கோபுரத்துக்கு அழைத்துப் போனார். படியேறிப் போய்ப் பார்த்தால் இருட்டே இல்லை. நாலாபக்கமும் கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே கலிஃபோர்னியா வெயில். மேஜையில் பைனாகுலர். கூரையிலிருந்து கொக்கியில் தொங்கும் ஒரு விளக்குத் துப்பாக்கி. ரேடியோ செத்துப்போன விமானத்துக்குப் பச்சையும் சிவப்பும் காட்டுவதற்காக. ரேடார் படம் காட்டும் திரை ஒன்று ஓரமாக இருக்கத்தான் செய்தது. ஆனால் பணியில் இருந்த பெண்மணி பார்த்துக்கொண்டிருந்தது ஜன்னலை.

"இங்கிருந்து நாங்கள் கண்ணால்தான் பார்க்கிறோம்" என்றார் அவர். "நீங்கள் சொல்கிற இடத்தில் தேடுவோம். தப்பான இடத்தைச் சொன்னால் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம்."

அவன் மதுரைக்காரன். சன்னிவேலில் மென்பொருள் வேலை. சிலிகான் பள்ளத்தாக்கில் வாரநாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு வாரக்கடைசியில் சின்ன விமானம் ஓட்டப் போகிற இந்தியர்கள் நிறையப் பேர் உண்டு. ரீட்-ஹில்வியூ, பாலோ ஆல்டோ, சான் கார்லோஸ், ஹேவர்ட் என்று வளைகுடாவைச் சுற்றிக் கையெட்டும் தூரத்தில் நிலையங்கள். பயிற்சி விமானம் பெரும்பாலும் செஸ்னா 172. நாலு இருக்கை, இறக்கை தலைக்கு மேலே, ஒரே இன்ஜின்.

சொந்த நிலையத்தில் எல்லாம் மனப்பாடம். ரன்வே 31 இடது, 31 வலது. ஏறு, இடது பக்கம் திரும்பு, ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் டௌன்விண்ட், பிறகு குறுக்காகத் திரும்பும் பேஸ், பிறகு ரன்வேக்கு நேராக இறங்கும் ஃபைனல். பக்கத்து ஈஸ்ட்ரிட்ஜ் மாலின் கார் நிறுத்துமிடம் எந்த நேரத்தில் எந்த ஜன்னலில் தெரிய வேண்டும் என்பதுகூடப் பழகிவிட்டது. டவர் என்ன கேட்கும், அவன் என்ன பதில் சொல்வான் என்பது கோயில் மந்திரம் மாதிரி இரு தரப்புக்கும் தெரிந்த வரிசை. அதனால் ரேடியோ தனக்குக் கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். வரிசை கைவந்திருந்தது, அவ்வளவுதான்.

உரிமம் கிடைத்து அடுத்த ஊர்களுக்குப் போகத் தொடங்கியதும் கேள்விகள் மாறின. "இரண்டு மைல் ஃபைனலில் சொல்லவும்." எது இரண்டு மைல்? வானத்தில் மைல்கல் நட்டு வைத்திருக்கிறார்களா? "மிட்ஃபீல்ட் டௌன்விண்டில் சொல்லவும்." சரி, அது ரன்வேயின் நடுப்பகுதிக்கு நேர் பக்கம், கண்டுபிடித்துவிடலாம். "உன் இருப்பிடத்தைச் சொல்." இது இருப்பதிலேயே சின்னக் கேள்வி, இருப்பதிலேயே பெரிய அதிர்ச்சி. டவரே கேட்கிறது என்றால் நாம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று அர்த்தமா? பெரும்பாலும் அப்படி ஒன்றுமில்லை. அவர் ஜன்னலில் தேடியிருக்கிறார், காணவில்லை, கேட்கிறார். ஆனால் கேட்டவுடன் வயிற்றில் ஏதோ புரளும். அந்தப் புரளலில்தான் கிழக்கு மேற்காகும்.

இரண்டு மைலுக்குப் பயிற்றுநர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். விமானத்தில் சொல்கிற மைல் கடல் மைல். 1,852 மீட்டர், அதாவது 6,076 அடி. ரீட்-ஹில்வியூ ரன்வே சுமார் 3,100 அடி. அதாவது ஏறக்குறைய அரை மைல். ரன்வேயைக் கண்ணால் எடுத்து, நீளவாக்கில் நாலு முறை தன்பக்கமாக மடித்து வைத்துப் பார்த்தால் இரண்டு மைல். சரிவும் கைகொடுக்கும்: வழக்கமான மூன்று டிகிரி சரிவில் ஒரு மைலுக்குச் சுமார் 300 அடி இறங்குவோம், இரண்டு மைலில் தரையிலிருந்து 600 அடி. ஜிபிஎஸ் திரையும் தூரம் காட்டும்தான். ஆனால் இறங்கப் போகிற நேரத்தில் தலையைக் குனிந்து திரையைப் பார்ப்பவனைப் பயிற்றுநருக்குப் பிடிக்காது. "வெளியே பார், வெளியே பார்" என்று முழங்கையால் இடிப்பார்.

பிறகு வந்தது லெஸ்லி சால்ட்.

அன்று வலது இருக்கையில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கும் காரைக்குடிக்காரர் ஒருவர். அவனைவிடப் பத்து வயது மூத்தவர், பல வருடமாக ஓட்டுகிறவர். அவன் "அண்ணே" என்று கூப்பிடுவான். அண்ணன் வருவது உதவிக்காக என்று அவன் நினைத்திருந்தான். அண்ணனோ சீட்பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "தம்பி, நான் இன்னைக்கு மூட்டை. மூட்டை பேசாது" என்று சொல்லிவிட்டார்.

ரீட்-ஹில்வியூவிலிருந்து பாலோ ஆல்டோ காரில் அரை மணி. நேராகப் பறந்தால் சான் ஹோசே பெரிய விமான நிலையத்தின் வான்வெளி குறுக்கே நிற்கிறது. அதனால் கிழக்கு மலையோரமாகக் கலவேரஸ் நீர்த்தேக்கத்தின் மேல் போய், வளைகுடாவை நோக்கித் திரும்பினார்கள். பாலோ ஆல்டோ டவரை அழைத்தான்: விமானத்தின் பெயர், எங்கே, எவ்வளவு உயரம், வானிலை ஒலிபரப்பின் எந்த எழுத்து கையில் இருக்கிறது, என்ன வேண்டும். ஒரே மூச்சில், திக்காமல். தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொள்வதற்குள் பதில் வந்தது: வலது பக்கச் சுற்று, ரன்வே 31, லெஸ்லி சால்ட் வந்ததும் சொல்லவும்.

பாலோ ஆல்டோவின் ரன்வே 2,443 அடிதான். வடமேற்கு நோக்கி இறங்கும்போது வலது கைப்பக்கம் முழுக்கத் தண்ணீர், உப்பளம், சதுப்பு; இடது கைப்பக்கம் ஊர். அதனால் 31-க்கு வலது சுற்று. அதுவரை அவனுக்குத் தெரியும். லெஸ்லி சால்ட் மட்டும் தெரியாது. தொடையில் கட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தான். விமான வரைபடத்தில் இப்படிப்பட்ட இடங்களுக்கு அருகே குட்டியாக மெஜந்தா நிறக் கொடி போட்டிருப்பார்கள். வரைபடமோ நாலாக மடித்திருந்தது, மடிப்பின் எந்தப் பக்கத்தில் அந்தக் கொடி என்று யாருக்குத் தெரியும். செஸ்னா 90 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் ஒரு மைலுக்கு 40 வினாடி. ஒரு மடிப்பைப் பிரித்து இன்னொரு மடிப்பை மடக்குவதற்குள் ஒரு மைல் போயிருக்கும்.

அண்ணனைப் பார்த்தான். அண்ணன் ஜன்னல் வழியாக ஃப்ரீமாண்ட்டில் தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது அவனுக்கு வாயில் வந்த சொல், எல்லாப் புது பைலட்டுக்கும் வருகிற "ரோஜர்". ரோஜர் என்றால் "நீ சொன்னது முழுக்கக் காதில் விழுந்தது", அதற்கு மேல் ஒன்றுமில்லை. அப்படியே செய்கிறேன் என்பதற்கு வேறு சொல் இருக்கிறது, "வில்கோ". ரோஜர் போட்டுவிட்டு, கண்ணில் எது பட்டாலும் அதுதான் லெஸ்லி என்று வைத்துக்கொண்டு போகிறவர்களை வளைகுடா டவர்கள் தினமும் கேட்கின்றன. அவன் பட்டனை அழுத்தினான். இந்தப் பகுதி தனக்குப் பழக்கமில்லை என்றான். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே ஒரு சொல்தான், "அன்ஃபமிலியர்". பயிற்றுநர் சொல்லிக்கொடுத்ததுதான்; ஆனால் பத்துப் பேர் கேட்கும் அலைவரிசையில் சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது.

டவரில் இருந்தவர் அலட்டிக்கொள்ளவில்லை. கரையோரமாக வெள்ளைவெளேர் என்று உப்புக் குவியல் தெரியும், அதுதான், அதன் மேலே வந்ததும் சொல். அது கண்ணில் படாவிட்டால் டம்பார்டன் பாலத்தைச் சொல், போதும். அவ்வளவுதான். அடுத்த விமானத்துக்குப் போய்விட்டார்.

அண்ணன் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "கேட்டுட்டேல்ல? இதுக்குத்தான் மூட்டையா வந்தேன்."

இந்த இடத்தில் சட்டமும் பைலட்டின் பக்கம்தான். அமெரிக்க விமான விதிகளில் 91.123 என்று ஒன்று. டவரோ ரேடாரோ கொடுத்த அனுமதியில் சந்தேகம் இருந்தால் பைலட் உடனே விளக்கம் கேட்க வேண்டும் என்கிறது. கேட்கலாம் என்று இல்லை, கேட்டே ஆக வேண்டும். பயிற்சியில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு சலுகை: முதல் அழைப்பிலேயே "ஸ்டூடண்ட் பைலட்" என்று சேர்த்துச் சொன்னால், டவர் கொஞ்சம் நிதானமாகப் பேசும், கூடுதலாக வழி காட்டும். இதையும் கௌரவக் குறைச்சலாக நினைத்துச் சொல்லாமல் விடுகிற மாணவர்கள் உண்டு. எட்டு வழிச் சாலையில் எல் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிற ரகம்.

உப்புக் குவியல் தெரிந்தது. சொன்னான். இறங்கினான். அங்கிருந்த உணவகத்தில் காபி குடித்துக்கொண்டே அண்ணன் லெஸ்லியின் கதையைச் சொன்னார். லெஸ்லி சால்ட் என்பது ஒரு கம்பெனி. சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் கடல்நீரைப் பாத்தி கட்டிக் காயவைத்து உப்பெடுத்தார்கள். 1978-ல் கார்கில் என்ற பெரிய நிறுவனம் அதை வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று விமானம் ஓட்டுகிறார்கள். தரையில் லெஸ்லி என்று ஒரு பலகை தேடினாலும் கிடைப்பது கஷ்டம். ஆனால் வானத்தில் அது இன்னும் லெஸ்லிதான். சென்னையில் ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனை காலமாயிற்று, மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தும் ஆயிற்று, பஸ்ஸில் ஏறுகிறவர் இன்னும் "ஜெமினி ஒண்ணு" என்றுதானே டிக்கெட் கேட்கிறார். அதே சங்கதி.

அந்த உப்பளங்களே இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் பாத்திக்குப் பாத்தி நிறம் வேறு. உப்பு ஏற ஏற அதில் வாழும் நுண்ணுயிர்கள் மாறி, பச்சையிலிருந்து ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு வரை போகும். 2003-ல் அவற்றில் 15,100 ஏக்கரை அரசு வாங்கி மறுபடி சதுப்பு நிலமாக்கத் தொடங்கியது. சிவப்புப் பாத்தியை அடையாளம் வைத்துக்கொண்டவர்கள் சில வருடம் கழித்துப் போனால் அங்கே நாரை நிற்கும்.

அன்றிரவு அவன் வரைபடத்தைத் தரையில் விரித்துப் போட்டுக்கொண்டு கொடிகளை எண்ணத் தொடங்கினான். ஓக்லாந்து மலைச்சரிவில் ஐந்து கூம்புகளோடு 1964-ல் திறந்த மார்மன் கோயில். ராத்திரியில் விளக்குப் போட்டால் வளைகுடாவின் மறுகரைக்குத் தெரியும். பைலட்களுக்கு அது கோயிலே இல்லை, ஓக்லாந்துக்கும் ஹேவர்டுக்கும் திரும்பும் முனை. ஸ்டான்ஃபோர்டுக்குப் பின்னால் துகள்முடுக்கி. 3 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒற்றைக் கட்டடம், மேலே 280-ஆம் நெடுஞ்சாலை அதைக் குறுக்காகத் தாண்டுகிறது. மாஃபெட் தளத்தில் முதலாம் ஹேங்கர். 1930-களின் தொடக்கத்தில் மேக்கன் என்ற கடற்படை வான்கப்பலை நிறுத்தக் கட்டினார்கள். மேக்கன் 1935 பிப்ரவரியில் கடலில் விழுந்து போனது. அதன் வீடு மட்டும் இன்றும் பைலட்களுக்கு வழி சொல்கிறது. ஜிபிஎஸ்ஸில் இந்த இடங்களுக்கு ‘வி’, ‘பி’ என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடுகள் உண்டு. அவை கருவிக்கு மட்டும். ரேடியோவில் உச்சரிக்கக் கூடாது, உச்சரிக்கவும் வராது.

அலுவலகத்துக்கு ரயிலில் போகும்போது டவர் பேச்சுகளை இணையத்தில் நேரலையாகக் கேட்கத் தொடங்கினான். ஹெட்போனில் சினிமாப் பாட்டு கேட்கிறான் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்திருப்பார்கள். யாராவது "கொலீசியத்தின் மேல்" என்றால் மடியில் வரைபடத்தில் விரலை வைப்பான். விரைவில் ஒன்று புரிந்தது. இருப்பிடத்தை டவருக்கு மட்டும் சொல்வதாக அவன் நினைத்திருந்தான். அதே அலைவரிசையில் இன்னும் ஆறேழு விமானங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொருவரும் அந்த ஒரு வரியை வைத்துத் தன் ஜன்னலில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

ரேடார் வருவதற்கு முன்னால் இந்த வரிகளை விட்டால் வேறு நாதியே இல்லை. அமெரிக்காவின் முதல் விமானக் கட்டுப்பாட்டாளர் என்று சொல்லப்படும் ஆர்ச்சி லீக், 1929-ல் செயின்ட் லூயிஸ் மைதானத்தில் ஒரு தள்ளுவண்டியில் நாற்காலியும் குடையும் சாப்பாடும் கொடிகளும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். கண்ணுக்குத் தெரிகிற வரைதான் அவர் ஆட்சி. 1935 டிசம்பரில் நியூவார்க்கில் விமானக் கம்பெனிகள் சேர்ந்து, ஊருக்கு ஊர் போகிற விமானங்களைக் கண்காணிக்க ஒரு மையம் திறந்தன. பைலட் தன் கம்பெனிக்கு ரேடியோவில் இருப்பிடம் சொல்வார், கம்பெனி மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லும், மையத்தில் ஒருவர் மேஜை வரைபடத்தில் ஒரு சின்ன அடையாள வில்லையை நகர்த்துவார். இறால் படகு என்று அதற்குச் செல்லப் பெயர். அடுத்த தொலைபேசி வரும்வரை அந்தப் படகு நிற்கும், விமானமோ நிற்காது.

அந்த முறை எப்படி முடிந்தது என்பதற்கு 1956 ஜூன் 30 சாட்சி. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு பயணிகள் விமானங்கள் கிளம்பின. ஒன்று டிடபிள்யூஏ, இன்னொன்று யுனைடெட். பத்து மணிக்குச் சற்று முன் இரண்டுமே இருப்பிடம் சொல்லின. யுனைடெட்: 21,000 அடி, ‘பெயின்ட்டட் டெசர்ட்’ கோட்டை 10:31-க்குக் கடப்போம். டிடபிள்யூஏ: 21,000 அடி, அதே கோடு, அதே 10:31. இரண்டு செய்தியும் சால்ட் லேக் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அவர்கள் பறந்தது கட்டுப்பாட்டில் இல்லாத வான்வெளி. அங்கே மோதாமல் பார்த்துக்கொள்வது பைலட்டின் பொறுப்பு, எச்சரிக்கும் கடமை மையத்துக்கு இல்லை. கிராண்ட் கேன்யனின் மேலே இரண்டும் மோதின. 128 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இரண்டு பைலட்களும் இருப்பிடத்தைச் சொன்னார்கள், விதிப்படி சொன்னார்கள். சொன்னதை வைத்து யாரும் அவர்களை எச்சரிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அமெரிக்க நாடாளுமன்றம் இன்றைய விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ-வுக்கு அடித்தளமான சட்டத்தை நிறைவேற்றியது.

காணாமல்போன விமானி அமீலியா எர்ஹார்டின் கதை இதற்கு நேர் எதிர். 1937 ஜூலை 2. பசிபிக்கில் ஹவ்லண்ட் என்ற குட்டித் தீவைத் தேடிக்கொண்டிருந்தார். தீவருகே நின்ற இட்டாஸ்கா கப்பல் அவருடைய குரலைப் பலமாகவே கேட்டது. கடைசியாக வந்த செய்தியில் 157–337 என்ற கோட்டில் இருப்பதாகவும், வடக்கும் தெற்குமாக ஓடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டு எடுத்த கோடு. ஆனால் அந்தக் கோட்டில் எந்த இடம்? ஒரு கோட்டை வைத்துக்கொண்டு கப்பல் எங்கே போய்த் தேடும்? கேட்பவனுக்கு ஒரு புள்ளி வேண்டும். அந்தப் புள்ளி உப்புக் குவியலாக இருந்தாலும் சரி.

இந்தக் கதைகளை அவனுக்குச் சொன்னது பயிற்றுநர்தான். கொஞ்சம் மிரட்டுவதற்காகவே சொன்னார் என்று அவனுக்குச் சந்தேகம். ஆனால் ஒரு சாயங்காலம் அவனே ஒன்றைப் பார்த்தான்.

வளைகுடாப் பகுதியில் ஒரு சின்ன நிலையம்; எது என்பது இங்கே அவசியமில்லை. மேற்கிலிருந்து அவன் வந்துகொண்டிருந்தான், ஐந்து மைல் என்று சொல்லி உள்ளே வர அனுமதியும் வாங்கிவிட்டான். அடுத்த நிமிடம் இன்னொரு குரல்: ஐந்து மைல் கிழக்கே, 1,500 அடி. டவர் அவனுக்கு வலது சுற்று, அந்தக் குரலுக்கு இடது சுற்று என்று பிரித்துக் கொடுத்தது. காகிதத்தில் கச்சிதம். ஆனால் டவரில் இருந்தவர் கிழக்கு ஜன்னலில் எதையும் காணவில்லை போலிருக்கிறது. அந்தக் குரலிடம் இருப்பிடத்தை மறுபடி கேட்டார். மறுபடியும் கிழக்கு, இப்போது நாலு மைல். கொஞ்சம் அழுத்தமாகவே வந்தது பதில். டவர் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, உனக்குக் கீழே என்ன தெரிகிறது என்று கேட்டது. நீளமான நீர்த்தேக்கம் ஒன்று தெரிகிறது என்றது குரல்.

அந்த நீர்த்தேக்கம் இருப்பது மேற்கே. அவனுடைய சக்கரத்துக்குக் கீழேயும் அதே தண்ணீர்தான்.

டவர் இரண்டு பேரையும் உடனே பிரித்தது. அவனை உயரத்தை மாற்றாமல் வடக்கே திரும்பச் சொன்னது. திரும்பும்போதுதான் பார்த்தான். இடப்பக்கம், தன்னைவிடக் கொஞ்சம் தாழ்வாக, வெள்ளையில் நீலக் கோடு போட்ட ஒரு பைப்பர் விமானம். சாயங்கால வெயிலில் இறக்கை மின்னியது. அதுவரை அவன் முன்னால், கிழக்கைத்தான் சலித்துக்கொண்டிருந்தான். அந்த பைலட்டின் திசைகாட்டி 090 காட்டியிருக்க வேண்டும், கிழக்கு நோக்கிப் போவதால் கிழக்கிலிருந்து வருவதாக வாயில் வந்திருக்கும். எல்லாருக்கும் நடப்பதுதான். திசை தவறினால் கேட்கிறவருக்குத் தெரியாது, சொல்கிறவருக்கும் தெரியாது. வாக்கியம் சரியாகவே ஒலிக்கும். ஏரி தவறினால் உடனே மாட்டிக்கொள்ளும். எண்ணைவிட ஊரை நம்பு என்று அண்ணன் அடிக்கடி சொல்வது அன்றைக்குப் பிறகு அவனுக்கு அறிவுரையாகப் படவில்லை, கணக்காகப் பட்டது.

இப்போதெல்லாம் எதற்கு இந்தப் பாடு, ஏடிஎஸ்-பி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளியில் விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்ப வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் கட்டாயம். ஐபேடில் பக்கத்து விமானங்கள் குட்டி அம்புகளாக ஊர்கின்றன. அவனும் வாங்கி வைத்திருக்கிறான். ஆனால் அம்பைத் திரையில் பார்ப்பது வேறு, விமானத்தை வானத்தில் பார்ப்பது வேறு. 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் பிஎஸ்ஏ 182 என்ற பயணிகள் விமானத்துக்கு முன்னால் போன செஸ்னாவைப் பற்றிக் கட்டுப்பாட்டாளர்கள் எச்சரித்தார்கள். பைலட்கள் பார்த்தோம் என்றார்கள், பிறகு கண்ணிலிருந்து தவறவிட்டார்கள், தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்தார்கள். தவறவிட்டது கோபுரத்துக்குத் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. இரண்டும் மோதி 144 பேர் இறந்தார்கள். திரையில் புள்ளி இருந்தது. ஜன்னலில் இல்லை.

அண்ணனோடு அவன் போன நீண்ட பயணம் விஸ்கான்சினுக்கு. ஒவ்வொரு வருடமும் ஜூலை கடைசியில் ஆஷ்கோஷ் என்ற ஊரில் விமானத் திருவிழா. 10,000-க்கு மேல் விமானங்கள் வரும். அந்த வாரத்தில் அந்தக் கோபுரத்தைவிடச் சுறுசுறுப்பான கோபுரம் உலகத்தில் கிடையாது. அத்தனை பேரும் இருப்பிடம் சொல்லத் தொடங்கினால் அலைவரிசை என்னாவது? அதனால் அங்கே சட்டமே தலைகீழ்: வாயைத் திறக்கக் கூடாது. ரிப்பன் என்ற ஊரிலிருந்து ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, 1,800 அடி, 90 நாட், முன்னால் போகிறவருக்கு அரை மைல் பின்னால், ஒற்றை வரிசையில் ஃபிஸ்க் என்ற குக்கிராமம் வரை வர வேண்டும். ஃபிஸ்க்கில் வயலோரமாகக் கட்டுப்பாட்டாளர்கள் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பார்கள், கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறச் சட்டையில்.

அண்ணன் ஓட்டினார். இம்முறை மூட்டை அவன். லெஸ்லிக்குப் பழிவாங்க நல்ல சந்தர்ப்பம், ஆனால் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை. கீழே தண்டவாளம், முன்னால் ஒரு மஞ்சள் பைப்பர் கப், அதற்கு முன்னால் இன்னொன்று, தொடுவானம் வரை எறும்பு வரிசை. ரேடியோவில் ஒரு குரல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது: நீலத் தாழ்விறக்கை, இறக்கையை ஆட்டு. சிவப்பு இரட்டை இறக்கை, ஆட்டு. பெயர் இல்லை, எண் இல்லை. திடீரென்று: வெள்ளை உயரிறக்கை, மஞ்சள் கப்புக்குப் பின்னால், இறக்கையை ஆட்டு.

"நம்மளைத்தாண்ணே" என்றான் அவன்.

"தெரியுதுடா" என்று அண்ணன் செஸ்னாவை ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கம் சாய்த்தார். பின்சீட்டில் வைத்திருந்த முறுக்கு டப்பா உருண்டு கதவில் மோதியது. நல்ல ஆட்டம் என்று பாராட்டிவிட்டு, தண்டவாளத்தைத் தொடர்ந்து போ, அடுத்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிரு, பேசாதே என்றது குரல். ரன்வேயில் வண்ணப் புள்ளிகள் வரைந்திருந்தார்கள், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்குவதற்காக. அவர்களுக்குக் கிடைத்தது பச்சைப் புள்ளி. முன்னால் போன மஞ்சள் கப் அதைத் தாண்டி ஓடி, புல்லுக்குள் இறங்கி வழிவிட்டது. அண்ணன் பச்சைக்குச் சரியாகப் பத்தடி முன்னால் சக்கரத்தை வைத்தார். ஆஷ்கோஷுக்கு வருக என்றது ரேடியோ. பழக்க தோஷத்தில் அவன் கை பட்டனுக்குப் போனது, அண்ணன் தட்டிவிட்டார்.